தூரத்து ஒளி ஏன் சிவக்கிறது: செம்பெயர்ச்சியும் பிரபஞ்ச விரிவும்

கேள்வி இதுதான்: தூரத்துக் கேலக்ஸிகளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது, ஆகவே பிரபஞ்சம் விரிகிறது என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்து போனதும் சைரன் சத்தம் தணிகிறதே, அந்த டாப்ளர் விளைவுதானா இதுவும்? கேலக்ஸிகள் ஓடுகின்றனவா, இல்லை இடமே விரிகிறதா? அப்புறம், இத்தனை தூரம் வந்த களைப்பில்தான் ஒளி சிவந்திருக்கிறது என்று ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது?

மூன்றும் நல்ல கேள்விகள். கடைசிக் கேள்வியைப் பெரிய வானியலாளர்களே கேட்டிருக்கிறார்கள். விரிவாகப் போவதற்கு முன் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: செம்பெயர்ச்சி நமக்குத் தருவது ஒரு விகிதம். ஒளி புறப்பட்ட நாளில் பிரபஞ்சத்தின் தூரங்கள் எவ்வளவு இருந்தன, அது நம்மிடம் வந்துசேரும் நாளில் எவ்வளவாக வளர்ந்துவிட்டன என்கிற விகிதம். வேகம், தூரம், வயது எல்லாம் அந்த விகிதத்தோடு வேறு தகவல்களையும் சேர்த்து நாம் கணக்குப் போட்டு எடுப்பவை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில், நாம் உண்மையில் எதை அளக்கிறோம்? ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் இடையிடையே இருண்ட கோடுகளும் பளிச்சென்ற கோடுகளும் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. ஹைட்ரஜனுக்கு 656.3 நானோமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு, 486.1-இல் நீலப்பச்சைக் கோடு, 434.0-இல் ஊதாவை ஒட்டிய கோடு. கைரேகை மாதிரி இது மாறாது.

1963 தொடக்கத்தில், பாலோமர் மலையின் 5 மீட்டர் தொலைநோக்கியில் எடுத்த ஒரு நிறமாலையை வைத்துக்கொண்டு மார்ட்டின் ஷ்மிட் என்ற வானியலாளர் திணறிக்கொண்டிருந்தார். பார்வைக்குச் சாதாரண விண்மீன் போலவே இருந்த 3சி 273 என்கிற ரேடியோ மூலத்தின் நிறமாலை அது. அதிலிருந்த கோடுகள் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. பிறகுதான் கோடுகளின் இடைவெளி ஓர் ஒழுங்கில் குறைந்துகொண்டே போவதைக் கவனித்தார். ஹைட்ரஜனின் வரிசை அப்படித்தான் இருக்கும். ஹைட்ரஜன் கோடுகள் எல்லாமே ஒரே அளவில், 15.8 சதவீதம் நீண்டிருந்தன. 486.1-இல் இருக்க வேண்டியது 563-இல் இருந்தது, 434.0-இல் இருக்க வேண்டியது 502.6-இல் இருந்தது. நம் பால்வீதியின் விண்மீன் என்று நினைத்த ஒன்று 200 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் குவேசார், அதாவது மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையம், என்று தெரிய வழி பிறந்தது அன்றுதான்.

இந்த 0.158 என்ற எண்தான் செம்பெயர்ச்சி. வானியலாளர்கள் இதை ‘இசட்’ என்ற எழுத்தால் குறிப்பார்கள். அதோடு ஒன்றைக் கூட்டினால் 1.158. அதுதான் நான் மேலே சொன்ன விகிதம். 3சி 273-இலிருந்து ஒளி கிளம்பியபோது இரண்டு தொலைதூரக் கேலக்ஸிகளுக்கு இடையே 100 பங்கு தூரம் இருந்தது என்றால், இன்று அது 115.8 பங்கு.

பெயரில் ‘சிவப்பு’ இருப்பதால் வரும் ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே விலக்கிவிடலாம். மாலைச் சூரியன் சிவப்பாகத் தெரிவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காற்றும் தூசியும் நீலத்தைச் சிதறடித்து எடுத்துவிடுவதால் மாலையில் சிவப்பு மிஞ்சுகிறது; அங்கே கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். செம்பெயர்ச்சியில் கோடுகளே இடம் மாறுகின்றன. அதுவும் புற ஊதா முதல் ரேடியோ வரை எல்லாம் ஒரே விகிதத்தில். ஒரு ரேடியோ அலை ‘சிவக்க’ முடியாது, ஆனால் அதுவும் நீள்கிறது.

சரி, ஏன் நீள்கிறது? ஒரு நீளமான ரப்பர் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் எறும்புப் புற்று, மறுமுனையில் சர்க்கரை. எறும்புகள் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. தன் காலடியில் இருக்கும் ரப்பரைப் பொறுத்தவரை எல்லா எறும்புக்கும் ஒரே வேகம். அவை நடந்துகொண்டிருக்கும்போதே யாரோ ரப்பரை மெல்ல இழுக்கிறார்கள். சர்க்கரையை அடைவதற்குள் ரப்பர் இரண்டு மடங்காகிவிட்டது என்றால், எறும்புகளுக்கு இடையே இருந்த ஒரு விரற்கடை இரண்டு விரற்கடையாக இருக்கும். ரப்பரை ஒரே சீராக இழுத்தாலும், முதலில் வேகமாக இழுத்துப் பிறகு மெதுவாக இழுத்தாலும், நடுவில் நிறுத்திவிட்டு மீண்டும் இழுத்தாலும், விடை மாறாது. மொத்தத்தில் எத்தனை மடங்கு என்பது மட்டும்தான் கணக்கு.

எறும்புகளை ஒளியலையின் முகடுகள் என்று எடுத்துக்கொண்டால், பெல்ஜிய இயற்பியலாளர் ஜார்ஜ் லெமைத்ர் 1927-இல் எழுதிய சமன்பாடு இதேதான்: வந்து சேரும் அலைநீளத்துக்கும் கிளம்பிய அலைநீளத்துக்கும் உள்ள விகிதம், அந்த இரு காலங்களிலும் பிரபஞ்சம் இருந்த அளவுகளின் விகிதத்துக்குச் சமம். பாடப்புத்தகங்கள் இதைப் பல படிகளில் வருவிக்கும். சாரம் எறும்புக் கதையில் இருக்கிறது.

இதிலேயே இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. எறும்புகள் நொடிக்கு ஒன்றாகக் கிளம்பியிருந்தால், சர்க்கரைக்கு இரண்டு நொடிக்கு ஒன்றாகத்தான் வந்துசேரும். அதாவது அலைநீளம் மட்டுமல்ல, தொலைவில் நடக்கும் எந்த நிகழ்ச்சியின் காலமும் நமக்கு அதே மடங்கில் நீண்டு தெரிய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘களைத்த ஒளி’ பற்றிப் பேசும்போது திரும்ப வருவேன்.

இப்போது தூரத்துக்கும் செம்பெயர்ச்சிக்கும் உள்ள உறவு. இதற்குப் புள்ளிக்கோலத்தைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. இன்று இரண்டு விரற்கடை இடைவெளியில் புள்ளி வைக்கிறீர்கள். நாளை அதே எண்ணிக்கைப் புள்ளிகளை மூன்று விரற்கடை இடைவெளியில் வைக்கிறீர்கள். ஏதாவது ஒரு புள்ளியில் நின்று பாருங்கள். அடுத்த புள்ளி ஒரு விரற்கடை விலகியிருக்கும். ஐந்தாவது புள்ளி பத்திலிருந்து பதினைந்துக்கு, ஐந்து விரற்கடை விலகியிருக்கும். தூரம் எத்தனை மடங்கோ விலகலும் அத்தனை மடங்கு. எந்தப் புள்ளியில் நின்றாலும் இதே காட்சிதான் தெரியும். ‘எல்லாம் நம்மைவிட்டு விலகுகின்றன என்றால் நாம்தான் நடுவில் இருக்கிறோமா’ என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் கோலத்தைத்தான் காட்டுவேன். கோலத்துக்கு ஓரம் இல்லை என்று மட்டும் கூடுதலாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விதி வெளிப்பட்ட வரலாற்றில் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிளின் பெயர் மட்டும்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. எனக்கு அது வருத்தம். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் இருக்கும் லோவெல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இல் ஆண்ட்ரோமீடா என்ற நெபுலாவின், அதாவது மேகம் போலத் தெரிந்த வான்பொருளின், நிறமாலையை எடுத்தார். 24 அங்குலத் தொலைநோக்கி, மங்கலான ஒளி, ஒரே தகட்டுக்குப் பல மணி நேரம் காத்திருப்பு. நொடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் அது நம்மை நோக்கி வருவதாக விடை கிடைத்தது. அதுவரை அளந்த எந்த விண்பொருளுக்கும் இல்லாத வேகம். ஆனால் மற்றவற்றையும் அளக்க அளக்க, பெரும்பாலானவை எதிர்த்திசையைக் காட்டின. 1917 வாக்கில் அவர் கையில் இருந்த 25 சுருள் நெபுலாக்களில் 21 விலகிப் போய்க்கொண்டிருந்தன. அவை கேலக்ஸிகள் என்பதே அப்போது உறுதியாகவில்லை.

தூரத்தை அளக்கும் கோலைத் தந்தவர் ஹார்வர்டு ஆய்வகத்தின் ஹென்றியெட்டா லெவிட். பால்வீதிக்கு அருகிலுள்ள சிறு கேலக்ஸியான சிறிய மெகல்லானிக் மேகத்தில் இருந்த 25 செஃபீடு விண்மீன்களை ஆராய்ந்து, ஒளி கூடிக் குறையும் காலம் எவ்வளவு நீளமோ விண்மீன் அவ்வளவு பிரகாசமானது என்று 1912-இல் காட்டினார். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம். 1923-இல் வில்சன் மலையின் 2.5 மீட்டர் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடாவுக்குள் ஒரு செஃபீடைக் கண்டுபிடித்து, அது பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி கேலக்ஸி என்று நிறுவியவர் எட்வின் ஹபிள். 1929-இல் தூரம் தெரிந்த 24 கேலக்ஸிகளை எடுத்து, தூரம் கூடக் கூடச் செம்பெயர்ச்சியும் அதே விகிதத்தில் கூடுவதைக் காட்டினார். அதில் பெரும்பாலான செம்பெயர்ச்சிகள் ஸ்லைஃபர் அளந்தவை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே லெமைத்ர், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலிலிருந்து விரியும் பிரபஞ்சத்தை வருவித்து, கிடைத்த அளவீடுகளைக் கொண்டு விரிவு வீதத்தையும் கணக்கிட்டிருந்தார். அது பிரெஞ்சு மொழியில், பெல்ஜியத்தின் ஓர் இதழில் வந்ததால் பலர் கண்ணில் படவில்லை. 1931-இல் ஆங்கிலத்தில் வெளியானபோது அந்த வீதத்தைக் கணக்கிட்ட பகுதி விடுபட்டிருந்தது. யாரோ வெட்டிவிட்டார்கள் என்று பல காலம் சந்தேகம் இருந்தது. ஹபிளின் புதிய அளவீடுகள் வந்துவிட்டபின் பழைய கணக்கைத் திரும்ப அச்சிட வேண்டாம் என்று லெமைத்ரே விட்டுவிட்டார் என்பது பின்னாளில் கிடைத்த கடிதத்திலிருந்து தெரிந்தது. 2018-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் இதை ஹபிள்–லெமைத்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது. நியாயமான முடிவு. இதிலும் ஸ்லைஃபர் பெயர் இல்லை என்பது வேறு விஷயம்.

ஹபிள் அன்று கணித்த வீதம் மெகாபார்செக்குக்கு நொடிக்குச் சுமார் 500 கி.மீ. ஒரு மெகாபார்செக் என்பது 32.6 லட்சம் ஒளியாண்டு. அந்த வீதத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டு என்று வரும். பாறைகளைக் கொண்டு கணித்த பூமியின் வயதோ அதைவிட அதிகம்! செஃபீடுகளில் இரண்டு வகை இருப்பதை வால்டர் பாடே 1952-இல் காட்டியபின் தூரங்கள் இரட்டிப்பாகி, சிக்கல் தளரத் தொடங்கியது. இன்றைய மதிப்பு 70-ஐ ஒட்டியது. நூறு கோடி ஆண்டுக்கு 7 சதவீதம் என்று சொன்னால் இது இன்னும் எளிதாக விளங்கும்: பெரிய தூரங்கள் எல்லாம் இன்றைய வீதத்தில் அவ்வளவுதான் வளர்கின்றன. மிக நிதானமான விரிவு.

இனி டாப்ளர் கேள்வி. அருகிலுள்ள கேலக்ஸிகளுக்குச் செம்பெயர்ச்சியை ஒளியின் வேகத்தால் பெருக்கி ‘விலகும் வேகம்’ என்று சொன்னால் பிழை மிகக் குறைவு. டாப்ளர் என்றே நினைத்துக்கொள்ளலாம். செம்பெயர்ச்சி 0.1-ஐத் தாண்டும்போது அந்தப் படம் ஆட்டம் காணத் தொடங்கும். ஏனென்றால் டாப்ளர் விளைவில் ஒளி கிளம்பும் நொடியில் இருக்கும் ஒப்பு வேகத்தை வைத்து எல்லாம் தீர்மானமாகிவிடுகிறது. எறும்புக் கதையிலோ, கிளம்பியபின் வழிநெடுக ரப்பருக்கு என்ன நடந்தது என்பதுதான் கணக்கில் வருகிறது. புற்று ‘ஓட’ வேண்டிய அவசியமே இல்லை.

ஆனாலும் ‘இடம் நீள்கிறது என்பதே உண்மை, டாப்ளர் என்பது தவறு’ என்று அடித்துப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். கேலக்ஸிக்கும் நமக்கும் இடையே, பிரபஞ்ச விரிவோடு சேர்ந்து நகரும் ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் தனக்கு முந்தையவரோடு ஒப்பிட்டு ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்று அளக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்த இருவருக்கும் அது சாதாரண டாப்ளர் விளைவாகத்தான் தெரியும். அந்தச் சின்னச் சின்னப் பெயர்ச்சிகளை எல்லாம் பெருக்கினால் நம்முடைய மொத்த விகிதம் கச்சிதமாகக் கிடைக்கும். ஆகவே ‘ஆயிரம் குட்டி டாப்ளர்கள்’ என்பதும் ‘நீண்ட இடம்’ என்பதும் ஒரே கணக்கின் இரண்டு வாசிப்புகள். இரண்டிலும் மாறாமல் நிற்பது விகிதம். தவறு எங்கே வருகிறது என்றால், பிரபஞ்சத்தின் மறுகோடியில் இருக்கும் ஒன்றுக்கு ஒரே ஒரு வேகத்தை ஒட்டி, சிறப்புச் சார்பியலின் டாப்ளர் சூத்திரத்தில் அதைப் போட்டு விடை எடுக்கும்போது.

இப்போது களைத்த ஒளி. ஹபிளின் கட்டுரை வந்த அதே 1929-இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி இதை முன்வைத்தார்: கேலக்ஸிகள் நகரவில்லை, ஒளிதான் வழியில் ஆற்றலை இழந்து நீள்கிறது என்று. அசட்டுக் கருத்து என்று தள்ளிவிடக் கூடாது. நிறமாலைக் கோடுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஹபிளே தன் வாழ்நாள் முழுக்க ‘தோற்ற வேகம்’ என்ற எச்சரிக்கையோடுதான் எழுதினார். பிரித்துக் காட்டியது எறும்புக் கதையில் ஒளிந்திருந்த அந்த இரண்டாவது விளைவு.

களைத்த ஒளியில் அலைநீளம் நீளும். ஆனால் நிகழ்ச்சிகளின் காலம் நீள எந்தக் காரணமும் இல்லை. விரியும் பிரபஞ்சத்திலோ இரண்டும் ஒரே விகிதத்தில் நீண்டாக வேண்டும். ‘1ஏ’ வகைச் சூப்பர்நோவாக்கள், அதாவது ஒரு வகை விண்மீன் வெடிப்புகள், இதற்கு இயற்கை தந்த கடிகாரங்கள். வெடித்தபின் அவை பிரகாசமாகி மங்கும் வேகம் கிட்டத்தட்ட ஒரே ஒழுங்கில் இருக்கும். செம்பெயர்ச்சி 0.48 உள்ள 1995கே என்ற சூப்பர்நோவா, அருகில் உள்ளவற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மெதுவாகக் கூடி மங்கியது என்று 1996-இல் காட்டினார்கள். 2001-க்குள் பல பத்துச் சூப்பர்நோவாக்களில் இதே உறவு உறுதியானது. 2024-இல் இருள் ஆற்றல் ஆய்வுத் திட்டக் குழு 1,500-க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களை எடுத்துப் பார்த்தபோது, காலம் நீளும் விகிதம் அலைநீளத்தின் விகிதத்தோடு ஒரு சதவீத அளவுக்குப் பொருந்தியது. களைத்த ஒளிக்கு இதைச் சமாளிக்க வழியில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. இன்று வானமெங்கும் நிரம்பியிருக்கும் நுண்ணலைப் பின்னணியின் வெப்பநிலை 2.725 கெல்வின். பிரபஞ்சம் பிறந்து சுமார் 3.8 லட்சம் ஆண்டுகளில், 3,000 கெல்வின் அளவில் கிளம்பிய ஒளி ஏறத்தாழ 1,100 மடங்கு நீண்டதால்தான் இப்படிக் குளிர்ந்திருக்கிறது. அப்படியென்றால், இடைப்பட்ட காலத்தில் அது இடைப்பட்ட வெப்பநிலையில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? செம்பெயர்ச்சி 2.4 உள்ள காலத்தில், இன்றைய வெப்பநிலையை 3.4-ஆல் பெருக்கினால் வரும் 9.3 கெல்வின். கடந்த காலத்துக்குப் போய் வெப்பமானியை வைக்க முடியாது. ஆனால் அங்கே இயற்கை ஏற்கெனவே வைத்திருக்கிறது. தொலைதூரக் குவேசாரின் ஒளி வரும் வழியில் குறுக்கே ஒரு வாயு மேகம் இருந்தால், அதன் அணுக்களும் மூலக்கூறுகளும் சுற்றியுள்ள கதிர்வீச்சின் வெப்பத்துக்கு ஏற்ப வெவ்வேறு ஆற்றல் நிலைகளில் அமர்ந்திருக்கும். எந்த நிலையில் எத்தனை என்பதை, அந்த மேகம் ஒளியை விழுங்குவதால் விழும் இருண்ட கோடுகளிலிருந்து எண்ணிவிடலாம். புனேயின் ஐயூகா வானியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரகுநாதன் ஸ்ரீஆனந்தும் அவரது பிரெஞ்சு சகாக்களும் சிலியில் இருக்கும் 8 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு இதைச் செய்தார்கள். 2000-இல் கார்பன் அணுக்களிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 6-க்கும் 14-க்கும் இடைப்பட்ட விடை, அந்த மேகத்தின் செம்பெயர்ச்சிக்கு எதிர்பார்த்தது 9.1. பிறகு 2008-இல் செம்பெயர்ச்சி 2.42 உள்ள ஒரு மேகத்தில் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடித்து, 9.15 கெல்வின், முன்பின் 0.7 என்று அளந்தார்கள். ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் முன்பிருந்த பிரபஞ்சத்தின் வெப்பநிலை அது. முதல்முறை இதைப் படித்தபோது கையிலிருந்த தாளை வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அலைநீளம், காலம், வெப்பநிலை என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று வழிகளில் அளந்தும் ஒரே விகிதம் வருவதால்தான் விரிவை நம்புகிறோம். வெறும் கோடுகள் நகர்ந்ததால் மட்டும் அல்ல.

இதைப் படிப்பவர்களுக்கு அடுத்து வரும் சந்தேகம்: எல்லாம் விரிகிறது என்றால் நாமும், நம் அளவுகோலும் விரிய மாட்டோமா? அப்படி விரிந்தால் அணுக்களும் பெரிதாகி, அவை வெளியிடும் அலைநீளமும் கூடவே பெரிதாகி, எந்த மாற்றமும் நமக்குத் தெரியாமல் போயிருக்கும். செம்பெயர்ச்சி தெரிகிறது என்பதே அணுக்கள் விரியவில்லை என்பதற்கு அடையாளம். விரிவு என்பது எல்லாவற்றையும் பிடித்து இழுக்கும் ஒரு விசை இல்லை. கட்டுண்டு கிடக்கும் எதையும் அது தொடுவதில்லை: மேசை, பூமி, சூரியக் குடும்பம், பால்வீதி, கேலக்ஸிக் கொத்துகள் எதுவும் நீள்வதில்லை. கொத்துகளுக்கு இடையே உள்ள தூரம்தான் வளர்கிறது. ஆண்ட்ரோமீடாவும் நாமும் ஈர்ப்பால் பிணைந்தவர்கள். அதனால்தான் ஸ்லைஃபர் முதலில் அளந்ததே நீலப்பெயர்ச்சியாக, அதாவது அலைநீளம் குறைவதாக, அமைந்தது.

ஒவ்வொரு கேலக்ஸிக்கும் விரிவைத் தவிர, அக்கம்பக்கத்து ஈர்ப்பால் வரும் சொந்த ஓட்டமும் உண்டு. நொடிக்குச் சில நூறு கி.மீ. இருக்கும். அருகில் இருப்பவற்றில் இது விரிவை மூழ்கடித்துவிடும். பல கோடி ஒளியாண்டு தாண்டினால்தான் விரிவு தெளிவாகத் தலைதூக்கும்.

இனி மறுகோடிக்குப் போவோம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2024-இல் அடையாளம் காட்டிய ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸியின் செம்பெயர்ச்சி, பின்னர் ஆக்சிஜன் கோட்டைக் கொண்டு துல்லியமாக அளந்தபோது, 14.18. ஆகவே விகிதம் 15.18. ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் புற ஊதாக் கோடு 1,846 நானோமீட்டரில், அகச்சிவப்பில் வந்து நிற்கிறது. வெப் அகச்சிவப்பில் பார்க்கும்படி கட்டப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 30 கோடி ஆண்டு. அப்போது அந்தக் கேலக்ஸி இருக்கும் இடம் நம் இடத்திலிருந்து சுமார் 220 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஒளி வந்துசேர 1,340 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எறும்பு நடக்க நடக்க ரப்பர் நீண்டுகொண்டே இருந்தது. இன்று அந்த இடம் 3,300 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். ‘1,340 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு கேலக்ஸி’ என்று செய்தியில் வந்தால், அது பயண நேரத்தைத் தூரமாக எழுதியது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்றைய வீதத்தில் சுமார் 1,400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் எதுவும் ஒளியைவிட வேகமாக விலகுகிறது. செம்பெயர்ச்சி ஒன்றரையைத் தாண்டியவை எல்லாம் இதில் அடங்கும், அவற்றை நாம் பார்த்துக்கொண்டும் இருக்கிறோம். சார்பியல் மீறப்படவில்லை. எந்த எறும்பும் தன் காலடி ரப்பரைப் பொறுத்து வேகவரம்பை மீறுவதில்லை.

நீண்ட ஒளி இழந்த ஆற்றல் எங்கே போனது என்றும் சிலர் கேட்பார்கள். எங்கும் போகவில்லை. ஆற்றல் மாறாக் கோட்பாடு, இயற்பியலின் பின்னணி காலத்தோடு மாறாமல் இருக்கும்போது பிறப்பது. விரியும் பிரபஞ்சத்தில் அந்தப் பின்னணியே மாறுவதால், முழுப் பிரபஞ்சத்துக்கும் சேர்த்து அப்படி ஒரு மொத்தக் கணக்கு இல்லை. எனக்கும் இதை ஏற்றுக்கொள்ள நாளானது.

செம்பெயர்ச்சி மொத்த மடங்கை மட்டும் தருகிறது, வழியில் இழுத்த விதத்தைச் சொல்வதில்லை என்றேன். அந்த விதத்தை அறிய இன்னொரு அளவு வேண்டும். சூப்பர்நோவா எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பது ஒளி கடந்து வந்த தூரத்தைச் சொல்லும். இரண்டையும் சேர்த்து வைத்தால் விரிவின் வரலாறு கிடைக்கும். 1998-இல் இரண்டு குழுக்கள் இதைத்தான் செய்தன. குறிப்பிட்ட செம்பெயர்ச்சிக்கு எதிர்பார்த்ததைவிடச் சூப்பர்நோவாக்கள் மங்கலாக இருந்தன. விரிவு வேகம் குறைந்துகொண்டு வரும் என்று எல்லோரும் நினைத்திருக்க, அது கூடிக்கொண்டிருந்தது. அந்தக் குழுக்களைச் சேர்ந்த பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011-இல் நோபல் கிடைத்தது. இந்த ஷ்மிட் பிரையன். 3சி 273-ஐக் கண்டவர் வேறு. இன்றும் ஒரு பிணக்கு தீரவில்லை: செஃபீடும் சூப்பர்நோவாவும் வைத்து அளந்தால் விரிவு வீதம் 73 அளவில் வருகிறது, நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணித்தால் 67.4.

விரிவின் வேகம் மாறுவதை இப்படிச் சுற்றி வளைக்காமல் நேரடியாகவே பார்க்க முடியுமா என்று வானியலாளர் ஆலன் சாண்டேஜ் 1962-இல் யோசித்தார். ஒரே பொருளின் செம்பெயர்ச்சியை இன்று அளந்து, பல ஆண்டு கழித்து மீண்டும் அளந்தால் எண் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். அன்றைய கருவிகளுக்கு ஒரு கோடி ஆண்டு அளவில் காத்திருக்க வேண்டும் என்று அவர் கணக்கில் வந்தது. மாற்றம் அவ்வளவு சிறியது: பத்தாண்டுக்கு, நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்துக்கு ஈடான நகர்வு. சிலியில் ஆர்மசோனெஸ் மலையில் எழுந்துகொண்டிருக்கும் 39 மீட்டர் தொலைநோக்கியின் திட்டங்களில் இந்தச் சோதனையும் இருக்கிறது. குவேசார்களின் ஒளியில் பதிந்திருக்கும் ஹைட்ரஜன் கோடுகளை ஒருமுறை அளந்து வைத்துவிட்டு, இருபது ஆண்டு கழித்து அதே கோடுகளை மீண்டும் அளக்கப் போகிறார்கள்.